இரண்டாம் கியர் விழவில்லை

பரந்தன் சந்தியின் நட்டநடுவில் தங்கராசாவின் மோட்டார் சைக்கிள் முதலாம் கியரில் நின்று அலறிக்கொண்டிருந்தது.

"விழு! ரெண்டிலை விழு, சனியன்!"

காலால் கியரை அமத்தினார். விழவில்லை. இன்னொருக்கால் அமத்தினார். கியர் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ போய்க் குந்திக்கொண்டது. அலறல்தான் கூடியது, சைக்கிள் நகரவில்லை.

பின்னால் யாழ்ப்பாணம் போகிற பஸ் ஹோர்னில் வைத்த கையை எடுக்காமல் அடித்தது. அதற்குப் பின்னால் ஒரு லொறி. அதற்கும் பின்னால் யார் என்று தெரியவில்லை, ஆனால் அவரும் அடித்தார். சைக்கிளின் இரண்டு பக்கமும் தொங்கிய பால்கான்கள் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தன.

பக்கத்தில் வந்த ஓட்டோக்காரன் தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணை, பால் கொண்டுபோறியளோ, இல்லாட்டி நடுறோட்டிலை வச்சுக் காய்ச்சுறியளோ?"

"உன்ரை ஓட்டோவைப் பாத்து ஓடு! எனக்குப் புத்தி சொல்ல வந்திட்டார்!"

தங்கராசாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவருடைய மனைவியே மறுக்கமாட்டாள். ஆனால் உருத்திரபுரத்தில் வீடு வீடாகப் பால் எடுத்து, ஒரு நாள்கூடப் பிந்தாமல் பால் சேகரிப்பு நிலையத்தில் கொண்டுபோய் இறக்குகிற மனிசன். மாட்டுக்காரர் எல்லாரும் அவரை நம்பித்தான் விடிய எழும்பிக் கறக்கிறார்கள்.

அன்றைக்குப் பிந்தினார். முதலாம் கியரிலேயே ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது, நிலையத்துப் பிரேமிளா பாலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கானை மூடினாள்.

"அண்ணை, இது திரைஞ்சு போச்சு."

"வடிவாப் பாரும் பிள்ளை."

"வடிவாத்தான் பாத்தனான். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கரண்டியாலை அள்ளியிருக்கலாம்."

அவ்வளவுதான். தங்கராசா வீடு போய்ச் சேர முதலே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. முதலாம் கியரில் வருகிறவனைவிட எல்லாமே வேகம்தானே.

வாசல் படலையிலேயே மனைவி கௌசலா நின்றாள்.

"கியர் ஏன் விழேல்லை?"

"சைக்கிளிலை பிழை."

"என்ன பிழை?"

"அது தெரிஞ்சால் நான் ஏன் படலையிலை நிண்டு உன்ரை விசாரணைக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிக்கிறன்?"

கௌசலா அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. அவள் ஏற்கெனவே தம்பியோடு போனில் கதைத்து முடித்திருந்தாள். தம்பி கிருசாந்தன் வவுனியாவில் இருக்கிறான். மோட்டார் சைக்கிள் வாங்கி விற்கிற இடத்தில் வேலை.

"சனிக்கிழமை தம்பி வாறான். ஸ்கூட்டி ஒண்டு கொண்டு வாறான். இதைக் குடுத்திட்டு அதை எடுப்பம்."

"என்னது?"

"ஸ்கூட்டி. கியரும் இல்லை, கிளச்சும் இல்லை. கையாலை முறுக்கினால் போகும். வில்லங்கமில்லை."

"ஸ்கூட்டியிலை பால்கானை எங்கை வைக்கிறது?"

"முன்னாலை, காலடியிலை."

"கானைக் காலடியிலை வச்சால் நான் காலை எங்கை வைக்கிறது? உன்ரை தம்பியின்ரை தலையிலையோ?"

"இஞ்சேருங்கோ, கத்தாதேங்கோ. கன நாளாச் சொல்ல வேணுமெண்டு யோசிச்சுக்கொண்டுதான் இருந்தனான். உங்களுக்கு இனிக் கியர் சைக்கிள் வேண்டாம்."

"ஏன்? எனக்கு என்ன குறை?"

கௌசலா வாயைத் திறந்தாள். பிறகு மூடினாள். குசினிக்குள் போய்த் தேங்காய் துருவத் தொடங்கினாள்.

அந்தக் கேள்விக்கு உருத்திரபுரத்தில் ஒருத்தரும் பதில் சொல்வதில்லை. முன்பு சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களோடு தங்கராசா இன்றுவரை கதைப்பதில்லை. 'உன்னாலை கியர் சைக்கிள் ஓடேலாது' என்று ஊரே சொன்ன காலத்தில், ஒருத்தரிடமும் கேளாமல் இந்தச் சைக்கிளை வாங்கி, குளக்கட்டில் தன்னந்தனியாக விழுந்து எழும்பி ஓடப் பழகிய மனிசன். பழகி முடித்த அன்றைக்கு, 'ஏலாது' என்று சொன்னவர்கள் ஒவ்வொருவரின் படலைக்கு முன்னாலும் போய் நின்று ஹோர்ன் அடித்துவிட்டு வந்தார். சைக்கிள் என்றால் அவருக்கு அதுதான்.

குசினி வாசலில் போய் நின்றார். சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது.

"கௌசி, இந்தச் சைக்கிள் போனால் நான் பின்சீற்றிலை குந்தியிருக்கிற ஆளாப் போடுவன். ஆஸ்பத்திரிக்கு ஒருத்தன் ஏத்திக்கொண்டு போவான், கோயிலுக்கு இன்னொருத்தன் ஏத்திக்கொண்டு போவான். எனக்கு அது வேண்டாம்."

துருவுகிற சத்தம் நின்றது.

"அப்ப பிழை சைக்கிளிலை எண்டு காட்டுங்கோ. சனிக்கிழமைக்கிடையிலை காட்டினால் தம்பியைத் திருப்பி அனுப்புறன். பிழை ஆளிலை எண்டால் ஸ்கூட்டிதான்."

"காட்டுறன். ஊரையே கூட்டி வச்சுக் காட்டுறன்!"

சுஜிதனுடைய கராஜ் சந்தியில் இருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு வேப்பமரத்தின் கீழ் இருந்தது. சுஜிதன் நல்ல வேலைக்காரன். ஆனால் பயந்த பெடியன், தங்கராசாவைக் கண்டால் கையில் இருக்கிற ஸ்பானரைக் கீழே போட்டுவிடுவான்.

சைக்கிளை வாங்கி ஓடிப் பார்த்தான். சந்திவரை போய்த் திரும்பி வந்தான். முகத்தில் சந்தோசம் இல்லை.

"அண்ணை... நல்லாத்தானே விழுது."

"உனக்கு விழும். நீ மெக்கானிக். பயத்திலை விழுது."

"நாலு கியரும் விழுது அண்ணை."

"அப்ப நான் பொய் சொல்லுறன் எண்டு சொல்லுறாய்?"

"ஐயோ, அப்பிடிச் சொல்லேல்லை. நீங்கள்... எப்பிடி அண்ணை அமத்துறனீங்கள்?"

"எப்பிடி அமத்துறதோ? எல்லாரும் அமத்துற மாதிரித்தான். காலாலை. ஏன், கையாலை அமத்துற ஆக்களும் இருக்கினமோ?"

சுஜிதன் தங்கராசாவின் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். பேசாமல் ஸ்பானரை எடுத்தான்.

"கிளச்சை இறுக்கிப் பாப்பம் அண்ணை."

பிழையில்லாத கிளச்சை இறுக்கினால் என்ன நடக்கும்? பிழை நடக்கும். அடுத்த நாள் விடிய, பால்கான் இரண்டும் நிரம்பியிருக்க, வாய்க்கால் கட்டில் ஏறுகிற இடத்தில் சைக்கிள் தொண்டை கிழியக் கத்தியது. கத்தியதே தவிர ஏறவில்லை. கிளச் வழுக்கியது. தங்கராசா கையை முறுக்க முறுக்க, சைக்கிள் கத்திக் கத்திப் பின்னுக்கு இறங்கியது.

வயலில் நின்ற ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

"தள்ளிவிடட்டோ அண்ணை?"

"தொடாதேங்கோ! ஒருத்தரும் தொடப்படாது! அது தானா ஏறும்!"

அது தானாக ஏறவில்லை. அவர்கள் தள்ளினார்கள். தங்கராசா ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நேரே முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தார், ஒருத்தரும் தள்ளாத மாதிரி.

பின்னேரம் பக்கத்து வளவு வீரகத்தி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். வீரகத்தி காலம் முழுக்க உழவு மிசின் ஓடியவர். உலகத்தில் எந்தப் பொருள் பழுதானாலும் அதை உழவு மிசினாகத்தான் பார்ப்பார். கௌசலாவின் கிரைண்டர் நின்றபோதுகூட 'டீசல் அடிச்சுப் பாத்தனியளே?' என்று கேட்டவர்.

"தங்கராசா, உது ஒயில் பிழை."

"போன மாசம்தான் மாத்தினது."

"என்ன ஒயில் விட்டனி?"

"சைக்கிளுக்கு விடுற ஒயில்தான்."

"அதுதான் பிழை! உது தண்ணி மாதிரி. கியருக்கு ஒரு கனதி வேணும். என்னட்டை மிசினுக்கு விடுற ஒயில் கிடக்கு. அதை விட்டுப் பார், கியர் தேன் மாதிரி விழும்."

வேறு ஒரு நாளாக இருந்தால் தங்கராசா சிரித்திருப்பார். ஆனால் மூன்று நாள் கழிந்தால் சனிக்கிழமை. தலைக்குள் ஸ்கூட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒயிலை விட்டார்கள். விடுகிறபோதே அது இறங்க மனமில்லாமல் இறங்கியது.

விடியச் சைக்கிள் கிளம்பவே மாட்டேன் என்று நின்றது. உதைத்து உதைத்து வீரகத்திக்கு மூச்சு வாங்கியது. உதைக்கிற வேலையை வீரகத்திதான் விரும்பிக் கேட்டு வாங்கினார். பிறகு கிளம்பியது. கிளம்பிய பிறகுதான் வினை.

கிளச்சைப் பிடித்தால் சைக்கிள் நிற்க வேண்டும். இது நிற்கவில்லை. அந்தத் தடித்த ஒயில் உள்ளே எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிப் பிடித்துக்கொண்டது. பால் நிலையத்து வாசலில் தங்கராசா கிளச்சைப் பிடித்தார். சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. நியூட்ரலுக்கு மாற்ற அமத்தினார், விழவில்லை. பிரேக்கைப் பிடித்தார், சில்லுக்கு அடியில் கான் கழுவி ஊற்றிய ஈரம்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!"

"நான் நிப்பாட்டித்தான் இருக்கிறன், பிள்ளை! சைக்கிளுக்குச் சொல்லும்!"

பிரேமிளா மேசைக்குப் பின்னால் போனாள். சைக்கிள் வாசலால் உள்ளே வந்து, சுவரில் சாத்தி வைத்த வெறும் கான்களை ஒவ்வொன்றாக உருட்டிவிட்டு, மேசையில் முட்டி, அங்கேதான் நின்றது.

கடைசிக் கானும் உருண்டு முடிந்து நின்றது.

"இண்டைக்குப் பிந்தேல்லைத்தானே?" என்றார் தங்கராசா.

"இல்லை அண்ணை. உள்ளையே கொண்டுவந்து தந்திட்டியள்."

இவ்வளவுக்கும் பிறகு ஒரு சாதாரண மனிசன் என்ன செய்வான்? விடுவான். தங்கராசா விடவில்லை. அவர் விட்டிருந்தால் அவருக்கு இந்தச் சைக்கிளே இருந்திருக்காது.

"கிளச்சுமில்லை, ஒயிலுமில்லை," என்றார் வீரகத்தியிடம். "எல்லாத்தையும் பாத்தாச்சு. மிச்சம் என்ன? அமத்துற கம்பி. கம்பி சின்னன். சப்பாத்து வழுக்குது. அதைப் பெருப்பிக்க வேணும்."

"அப்பிடிச் சொல்லு! மிசினிலை பெடல் என்ன அகலம் தெரியுமே?"

இரண்டு பேருமாக வெல்டிங் கடைக்குப் போனார்கள். வெல்டிங்காரன் வேண்டாம் என்றுதான் சொன்னான். பழைய மண்வெட்டித் தகடு ஒன்றை அளவாக வெட்டி, கியர்க் கம்பியின் முன்பக்கமும் பின்பக்கமும் வைத்து ஒட்டச் சொன்னார்கள். வேலை முடிந்தபோது, அந்தக் கியர்க் கம்பியில் ஒரு பிள்ளையை இருத்திச் சோறு தீத்தலாம் போல இருந்தது.

"இப்ப எப்பிடி அமத்தினாலும் விழும்," என்றார் தங்கராசா. அன்றைக்குத்தான் அவர் வாயில் முதல் முதலாகச் சிரிப்பு வந்தது.

உண்மையாகவே விழுந்தது. வெள்ளிக்கிழமை விடிய, முழுக் காலையும் தூக்கி வைத்து இடித்தபோது இரண்டு விழுந்தது. இன்னும் ஒரு இடி, மூன்று விழுந்தது. தங்கராசா வாய்க்கால் கட்டில் காற்று முகத்தில் அடிக்கப் போனார். வயலில் நின்றவர்களுக்கு ஹோர்ன் அடித்தார். அவர்களும் கையைக் காட்டினார்கள்.

"ஸ்கூட்டியாம், ஸ்கூட்டி!" என்று உரத்துச் சொன்னார். "என்ரை காலடியிலை கானை வைப்பினமாம்!"

வாய்க்கால் கட்டு ஒடுக்கம். கரையில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அந்தப் புல்லுக்குள் ஒரு எல்லைக் கல். சைக்கிளின் வழக்கமான கியர்க் கம்பி அந்தக் கல்லை ஒரு நாளும் தொட்டதில்லை. மண்வெட்டித் தகடு தொட்டது. தொட்ட இடியில் கியர் மூன்றில் இருந்து இறங்கி, இரண்டையும் தாண்டி, ஒன்றில் போய் விழுந்தது.

இவ்வளவு நாளும் விழாத கியர் அன்றைக்கு ஒரேயடியாக விழுந்தது. சைக்கிள் மூக்கைக் குத்தி நின்றது. தங்கராசா நிற்கவில்லை.

கௌசலா ஓடி வந்தபோது வாய்க்கால் தண்ணீர் ஒரு வயல் தூரத்துக்கு வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. தங்கராசா நெஞ்சளவு பால் தண்ணீரில் ஒரு வெறுங்கானைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயோ, என்ரை கடவுளே! எங்கை அடிபட்டது?"

"ஒரு இடமும் இல்லை."

"மேலை வாங்கோ! கையைத் தாங்கோ!"

"நான் வருவன். கையை எடு."

நாலு பேர் இழுத்துத்தான் மேலே வந்தார். வாய்க்கால் கட்டின் மேல் இருத்தி, கௌசலா சேலைத் தலைப்பால் அவருடைய தலையைத் துடைத்தாள். துடைக்கிறபோது அழுதாள். அவள் அழுதால் சத்தம் வராது, மூக்கு மட்டும் சிவக்கும்.

"எனக்குச் சைக்கிளும் வேண்டாம், பாலும் வேண்டாம். நீங்கள் முழுசா வீட்டை வந்தால் காணும். விளங்குதே?"

 தங்கராசா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"சப்பாத்தைக் கழட்டுங்கோ, தண்ணி நிறைஞ்சு கிடக்கு."

"அது தன்ரை பாட்டிலை காயும்," என்றார். "நாளைக்குத்தானே சனிக்கிழமை?"

சனிக்கிழமை சுஜிதனின் வேப்பமரத்தின் கீழ் ஊர் கூடவில்லை. ஆனால் கூட வேண்டியவர்கள் கூடிவிட்டார்கள். கிருசாந்தன் ஸ்கூட்டியோடு வந்திருந்தான். வெள்ளை நிறம், இருக்கையில் கடதாசி இன்னும் கழற்றவில்லை. கௌசலா, வீரகத்தி, சுஜிதன், எல்லாரும் நின்றார்கள். ரயர் ஒட்ட வந்த ஒரு மனிசியும் தன்னுடைய மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு மர வாங்கில் குந்தி, எல்லாரையும் விடுப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் சுசிலா. பூநகரிக் கரையில் இருந்து மீன் பெட்டி கட்டி வந்து ஊர் ஊராக விற்கிறவள். அவளை இங்கே ஒருத்தருக்கும் அவ்வளவு பழக்கமில்லை. அவளுக்கும் தங்கராசா யார், அவரிடம் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்று ஒன்றும் தெரியாது.

சுஜிதன் இரவிரவாக வேலை செய்திருந்தான். வீரகத்தியின் ஒயிலை எடுத்து எறிந்து, கிளச்சைப் பழையபடி வைத்து, மண்வெட்டித் தகட்டை வெட்டிப் போட்டு, கியர்ப் பெட்டியைப் பிரித்து உள்ளே ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்துப் பூட்டியிருந்தான்.

"அண்ணை, உள்ளை ஒரு பிழையும் இல்லை," என்றான், நாலடி தள்ளி நின்றுகொண்டு.

"இருக்கு."

"புதுசு மாதிரிக் கிடக்கண்ணை."

"சரி, ஓடிக் காட்டுங்கோ," என்றார் தங்கராசா. "எல்லாருக்கும் முன்னாலை. பாப்பம்."

கிருசாந்தன் ஏறி ஓடினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சந்தியில் திருப்பி வந்து இறங்கினான்.

"அத்தான், வெண்ணெய் மாதிரி விழுது."

"நீ வாங்கி விக்கிறவன். நீ அப்பிடித்தான் சொல்லுவாய்."

சுஜிதன் சைக்கிளைப் பெரிய ஸ்ராண்டில் ஏற்றி, பின் சில்லு அந்தரத்தில் சுழல விட்டான். வீரகத்தி குனிந்து கையாலேயே கம்பியை அமத்தினார். டக். விழுந்தது. இன்னொருக்கால், டக். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"கையாலையும் விழுதடா தங்கராசா!"

பிறகு ஒருத்தரும் எதிர்பாராமல் கௌசலா சேலையைச் செருகிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். மோட்டார் சைக்கிளின் பின்சீற்றைத் தவிர வேறு இடம் அறியாதவள். சுஜிதன் கிளச்சைப் பிடிக்க, ரப்பர்ச் செருப்புக் காலால் மெல்லத் தொட்டாள். டக். டக். டக். டக். எல்லாம் ஏறி முடிந்துவிட்டது. அவள் சந்தோசப்படவில்லை. அழுகிற முகத்தோடு விலகி நின்றாள்.

"இப்ப நீங்கள்," என்றாள்.

தங்கராசா ஏறினார். ஸ்ராண்டில் நின்ற சைக்கிளில் நிமிர்ந்து இருந்தார். கிளச்சைப் பிடித்தார். அமத்தினார்.

ஒன்றும் இல்லை.

இன்னொருக்கால். கம்பி பாதிக்குப் போய்த் திரும்பி வந்தது.

முழுப் பலத்தோடும் இடித்தார். சைக்கிள் ஸ்ராண்டோடு ஆடியது. வேப்பமரத்தில் இருந்து ஒரு காகம் எழும்பிப் பறந்தது. கியர் விழவில்லை.

 சுஜிதன் கையில் இருந்த ஒயில் அழுக்கைப் பார்த்தான். வீரகத்தி வானத்தைப் பார்த்தார். கிருசாந்தன் ஸ்கூட்டியின் திறப்புச் சாவியைக் கையில் வைத்து உருட்டினான்.

"அத்தான்... இதிலை வெக்கப்பட ஒண்டுமில்லை."

"ஆர் வெக்கப்பட்டது?"

"இல்லை, உங்களுக்கு இனி..."

"எனக்கு இனி? சொல்லு! எனக்கு என்ன குறை? எல்லாரும் சேந்து நிக்கிறியள்தானே, ஒருத்தன் வாயைத் திறந்து சொல்லுங்கோவன்!"

சொல்லவில்லை. சொல்கிறவர்களோடு அவர் பிறகு கதைக்கமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். கௌசலாவுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

 தங்கராசாவின் குரல் இறங்கவில்லை.

"சரி. கேட்டுக்கொள்ளுங்கோ. நான் இதை முதலாம் கியரிலையே ஓடுவன். பால் திரைஞ்சால் தயிர் விப்பன். தயிரும் பழுதானால் மோர் விப்பன். பஸ்காரன் ஹோர்ன் அடிச்சால் அடிக்கட்டும், லொறிக்காரன் அடிச்சால் அடிக்கட்டும். நான் இருக்கிற மட்டும் இந்த ஹாண்டிலை ஒருத்தனுக்கும் குடுக்கமாட்டன். அந்த வெள்ளைச் சாமானிலை ஏறமாட்டன். கிருசாந்தன், நீ அதைத் திருப்பிக் கொண்டு போ!"

"இஞ்சேருங்கோ..."

"கௌசி, நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. பிழை ஆளிலை எண்டால் ஸ்கூட்டி. நான் இண்டைக்குச் சொல்லுறன், பிழை ஆளிலை இல்லை. என்னிலை ஒரு பிழையும் இல்லை!"

வாங்கில் இருந்த சுசிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். ஏலவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சிரிப்பு?" என்றார் தங்கராசா.

"குறை நினையாதேங்கோ அண்ணை." அவள் வாங்கைப் பிடித்து எழும்பி வந்தாள். சைக்கிளின் இடது பக்கம் நின்றாள். "இன்னொருக்கால் அமத்துங்கோ. மெல்லமா."

"நீ ஆர் எனக்குச் சொல்ல?"

"அமத்துங்கோ அண்ணை. பாப்பம்."

எதற்கென்று தெரியாமல் தங்கராசா அமத்தினார். சுசிலா தலையைச் சரித்துப் பார்த்தாள்.

"காணும்."

குனிந்து, யாரிடமும் கேளாமல், தங்கராசாவின் இடது சப்பாத்தின் முனையைக் கையால் பிடித்தாள். கௌசலா "ஐயோ!" என்று ஒரு அடி முன்னுக்கு வந்தாள். சுஜிதனின் ஸ்பானர் கீழே விழுந்தது. அந்தச் சப்பாத்தில் இவ்வளவு காலமும் ஒருத்தரும் கை வைத்ததில்லை.

சுசிலா அதை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணை, சைக்கிளிலையும் பிழையில்லை, உங்களிலையும் பிழையில்லை, இந்தப் பொய்க்காலை ஒருக்காக் கழட்டித் தாங்கோ, கணுக்காலிலை நட்டு லூசாக் கிடக்கு, என்ரை காலுக்கெண்டு கொண்டு திரியிற சாவியாலை இப்பவே இறுக்கித் தாறன்."